இருபத்து மூன்று பேர்

வேன் முதலாளியை எல்லோரும் ஃபுல்சீட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவரிடம் இருந்ததெல்லாம் ஐந்து பேர் உட்காரும் வேன்களும் ஏழு பேர் உட்காரும் வேன்களும்தான். ஒரு சீட் காலியாக வண்டி கிளம்பினால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று எதிர்க்கடை வேன்காரரிடம் சவால் விட்டிருந்தார். இருபது பேருக்குக் குறைந்த கூட்டத்தை ஏற்கவே மாட்டார்.

அவர் மகள் ஒன்பது வருடமாக அந்த ஆபீஸில் போன் எடுத்து, யாருக்கு எந்த வண்டி என்று எழுதிக்கொண்டிருந்தாள். எத்தனையோ கூட்டத்தைக் கடலுக்கு அனுப்பிவைத்தவள், கடலைப் பார்த்ததே இல்லை. கேட்டால், சீட் காலியிருந்தால் தாராளமாக ஏறிக்கொள் என்பார் அப்பா. காலியிருந்தால்தானே!

வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒரு மத்தியானம் கணக்குப் போட்டாள். இருபத்தொன்றா, மூன்று ஏழு. இருபத்திரண்டா, மூன்று ஐந்தும் ஓர் ஏழும். இருபத்து மூன்றில் பேனா நின்றது. எப்படிப் புரட்டினாலும் வரவில்லை. இருபத்து நான்கிலிருந்து மறுபடி எல்லாமே கச்சிதமாக வந்தன. இருபதுக்கு மேல் அப்பாவுக்கு இருந்தது அந்த ஒரே ஓட்டைதான்.

அடுத்த வாரம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் போன் செய்து, சொந்தபந்தங்களோடு கடலுக்கு இருபத்திரண்டு பேர் என்றார். யாரையாவது விட்டுவிட்டால் பிறகு மனஸ்தாபம் வருமே என்று தேனொழுகக் கேட்டாள். அவருக்குச் சட்டென்று மாமியார் ஞாபகம் வந்தது.

கிளம்பும் காலையில்தான் அப்பாவிடம் எண்ணைச் சொன்னாள். அவர் விரல் விட்டு எண்ணினார், தலையைச் சொறிந்தார், மறுபடி எண்ணினார். இரண்டு ஏழு, இரண்டு ஐந்து போட்டால் ஒரு சீட் பல்லிளித்தது. தானே ஏறலாமென்றால் வண்டி நகர்ந்ததுமே அவருக்கு வாந்தி வரும். எதிர்க்கடைக்காரர் வேறு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நீ ஏறிக்கம்மா."

"ஆபீஸை யாருப்பா பாத்துக்கிறது?"

"ஏறு தாயே, மானம் போகுது."

சாயங்காலம் புடவை முழுக்க மணலோடு வந்து இறங்கினாள். ஒரு தடவை பார்த்ததில் ஆசை தீரும் என்று நினைத்திருந்தாள், அது இரட்டிப்பாகிவிட்டிருந்தது. அப்பா உறுமிக்கொண்டிருந்தார். இனி இந்த வம்பே வேண்டாமாம். ஐந்து சீட் வண்டிகளைத் தள்ளிவிட்டுப் பதினொரு சீட் வண்டிகள் வாங்கப் போகிறாராம். ஐந்து, ஏழு, அடுத்தது பதினொன்று. பள்ளியில் ஒப்பித்த பகா எண் வரிசை. அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஏழையும் பதினொன்றையும் வைத்துக் கூட்டிப் பார்த்தாள். இருபதுக்கு மேல் ஐம்பத்தொன்பது வரை பதினான்கு ஓட்டைகள்.

"நல்ல யோசனைப்பா," என்றாள். "நாளைக்கே வாங்கிடுங்க."