பதினேழாவது நிமிடத்துக் கனைப்பு

"பேய் இருக்கா இல்லையான்னு அப்புறம் பார்க்கலாம். முதல்ல இந்தக் குழாய்க்கு வாஷர் போயிருக்கு" என்றார் ப்ளம்பர்.

எங்கள் ஆவி ஆய்வுச் சங்கம் பதினோரு வருஷமாக ஓர் ஆவியைக்கூடக் கண்டுபிடிக்காததற்கு இந்த மாதிரிப் பேச்சுதான் காரணம். தலைவர் எலக்ட்ரீஷியன். அவர் மனைவியின் தம்பி இந்த ப்ளம்பர். நான் கோர்ட்டில் சுருக்கெழுத்து எழுதி ஓய்வு பெற்றவள். சங்கத்தின் குறிப்பேடு என் பொறுப்பு. விளக்கு தானாக அணைகிறது என்று கூப்பிடுவார்கள், தலைவர் ஹோல்டரை மாற்றுவார். சுவருக்குள் யாரோ அழுகிறார்கள் என்பார்கள், ப்ளம்பர் பைப்பில் சிக்கிய காற்றை எடுத்துவிடுவார். அழுகை நின்றுவிடும். இப்படி நாற்பத்து மூன்று வீடுகள். எல்லோரும் வாயார வாழ்த்தித்தான் அனுப்பினார்கள். ஆவிகளுக்குத்தான் எங்கள் மேல் இரக்கமே வரவில்லை.

போவதும் சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத்தான். ராத்திரியில் வந்தால்தானே பேயைப் பார்க்க முடியும் என்று கேட்பவர்களுக்குத் தலைவரிடம் பதில் தயாராக இருக்கும்.

"ஏழு மணிக்கு என் வீட்டுக்காரி கதவைப் பூட்டிடுவா. அதைவிட பயங்கரமா ஏதாவது இருந்தா சொல்லுங்க, வர்றேன்."

"எங்க அக்கா காதுல விழட்டும் மாமா" என்பார் ப்ளம்பர்.

நாற்பத்து நான்காவது வீடு எங்கள் சங்கத்து ஆளுடையதே. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். சங்கத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மூன்றாவது மாடியில் வாடகை வீடு. ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை. மனைவி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். அவர் எங்களைக் கூப்பிட்ட காரணத்தை வாசலிலேயே நின்று சொன்னவள் அவருடைய மகள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள்; பேச்சும் மாத்திரைச் சீட்டு மாதிரி அளவாகத்தான் வந்தது.

"இந்த மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றோம்னு ஓனர்கிட்ட சொல்லணும். அப்பாவுக்கு எங்க வீட்டு மாடியில ரூம் ரெடி. எங்க வீட்டுக்காரர் வண்டிகூடப் பேசி வெச்சுட்டார். இவர் என்னடான்னா, அம்மா இங்கதான் இருக்கா, வரமாட்டேங்கிறார். சரிப்பா, உங்க சங்கத்து ஆளுங்களையே கூட்டிட்டு வா, இருக்காங்கன்னு அவங்க எழுதிக் குடுத்தா நீ இங்கயே இரு, இல்லைன்னு எழுதினா பெட்டியைக் கட்டுன்னு சொல்லிட்டேன்."

"ஒத்துக்கிட்டீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"ஒத்துக்காம? பேய் தேடுற சங்கத்துல சேர்ந்தா பேய் கிடைக்கும்னுதானேம்மா நெனைப்போம். நீங்க இதுவரைக்கும் ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லைன்னு போன வாரந்தான் தெரிஞ்சுது."

உள்ளே போன அரை மணி நேரத்தில் அவருடைய சாட்சியங்கள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. சமையலறையில் சொட்டுச் சொட்டாகக் கேட்கும் சத்தம்: வாஷர். படுக்கையறைக் கதவு தானாகத் திறப்பது: கீலில் ஒரு திருகாணி இல்லை. கூடத்து விளக்கு அவர் பேசும்போதெல்லாம் கண் சிமிட்டுவது: ஸ்விட்சில் ஒயர் தளர்ந்திருந்தது. தலைவர் அதை முடுக்கி, போட்டு அணைத்துக் காட்டினார். விளக்கு சமர்த்தாக எரிந்தது.

"நான் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா அது ரெண்டு தடவை மினுக்கும்ப்பா" என்றார் லிஃப்ட்காரர்.

"இனிமே மினுக்காதுங்க. நல்ல ஒயரா போட்டிருக்கேன்."

"என் பொண்டாட்டியை ஒவ்வொரு ஸ்க்ரூவா கழட்டுறீங்களேப்பா!"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை மறைக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"அம்மா எப்படிப்பட்டவங்க? ரொம்பப் பேசுவாங்களா?" என்று குறிப்புக்காகக் கேட்டேன்.

"பேச்சா? நான் ஏதாவது அசட்டுத்தனமா சொன்னா தொண்டையை ஒரு தடவை கனைப்பா. ம்க்கும். அவ்வளவுதான். முப்பத்தெட்டு வருஷத்துல அதுக்கு மேல ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்லை."

"அதுக்கு மேல தேவைப்படலைப்பா" என்றாள் மகள்.

மிச்சம் இருந்தது ஒலிப்பதிவு ஒன்றுதான். எங்கள் முறை இது: திரையை இழுத்துவிட்டு, மேஜையில் ரெக்கார்டரை வைத்து, அரை மணி நேரம் உட்காருவோம். வீட்டுக்காரர் மட்டும் பேசலாம். மற்றவர்களில் யார் இருமினாலும், நாற்காலியை நகர்த்தினாலும், உடனே "அது நான்" என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பக் கேட்கும்போது எவருடைய ஏப்பமோ பரலோகத்துச் செய்தியாகிவிடும். அவரவர் சத்தத்துக்கு அவரவர்தான் வாய் திறக்கலாம்; அடுத்தவருக்காகச் சொல்லக் கூடாது. இது பிற்பாடு சேர்த்த விதி. ஆறு வருஷத்துக்கு முன்னால், வயிறு கடகடத்தது யாருக்கு என்று தலைவர் மாமாவும் ப்ளம்பர் மாப்பிள்ளையும் மாறி மாறிக் கைகாட்டி, நான்கு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள்.

தலைவர் மின்சாரம் அளக்கும் மீட்டரோடு சமையலறையில் நின்றார். ப்ளம்பர் குளியலறை வாசலில். கூடத்தில் நாங்கள் மூன்று பேர். லிஃப்ட்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டி, மனைவியின் பிரம்பு நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். இரண்டு பேருக்கு மட்டும் இடமிருந்த சோபாவில் நானும் மகளும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தோம்.

மற்ற வீடுகளில் "நீ யார்? உனக்கு என்ன வேண்டும்?" என்று மிரட்டலாகக் கேட்பார்கள். இவர் அப்படியெல்லாம் கேட்கவில்லை.

"கண்ணாடியை மாத்திட்டேன். நீ சொன்ன கடையிலதான். பக்கத்து வீட்டுல பூனை குட்டி போட்டிருக்கு" என்றார்.

"அது நான்" என்றது ப்ளம்பரின் குரல். தும்மியிருந்தார்.

"சொட்டுச் சத்தத்தை நிறுத்திட்டாங்க. நிறுத்தினது உனக்குப் பிடிக்காதுதான், என்ன பண்றது. பொண்ணு வந்திருக்கா. அவங்க வீட்டுல எனக்கு ரூம் போட்டிருக்காங்களாம். மாடியில. மாப்பிள்ளை தங்கமானவர். நான் பெல் அடிச்சா யாராவது மேல வந்து என்ன வேணும்னு கேப்பாங்களாம். முப்பத்தொரு வருஷம் நான் பெல் சத்தத்துக்குப் போனவன். இப்போ நானே அடிச்சுட்டு உட்காரப் போறேன்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு, ஏதோ காய்கறி வாங்கட்டுமா என்று கேட்பது போல, "போகவா?" என்றார்.

"ம்க்கும்."

என் இடது தோள் அதிர்ந்தது. அதிர்ந்தது என் தோள் இல்லை. என் தோளை ஒட்டியிருந்த தோள். அவள் தன் கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். அவளைக் கேட்காமலே அது வெளியே வந்திருந்தது.

'அது நான்' வரும் என்று காத்திருந்தேன். கடிகாரம் ஓடியது. வரவில்லை. லிஃப்ட்காரரின் முதுகு அசையவில்லை.

அரை மணி முடிந்ததும் திரையை விலக்கி, பதிவை முதலிலிருந்து போட்டோம். ப்ளம்பரின் தும்மல் வந்தது, உரிமை கோரப்பட்டது. பதினேழாவது நிமிடத்தில் கனைப்பும் வந்தது.

தலைவர் பட்டனை அமுக்கிப் பதிவை நிறுத்தினார்.

"இது யாரு?" என்றார். உரிமை கோராத சத்தத்தை மூன்று முறை போட்டு மூன்று முறை கேட்க வேண்டும். பதினோரு வருஷத்தில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

ப்ளம்பர் மேஜைப் பக்கம் குனிந்தார்.

"பொம்பளைக் குரல் மாமா" என்றார் ப்ளம்பர் மெதுவாக.

"சும்மா இரு மாப்ளே." மறுபடி போட்டார். "இது யாரு?"

மகள் வாயைத் திறந்தாள். நான் பேனாவை எடுத்தேன்.

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

போட்டார்கள். போகவா. ம்க்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மூணாவது தடவை கேக்குறேன். இது யாரு?"

"தெரியலைங்க" என்றாள்.

இடது கைக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருந்தாள்.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "எழுதுங்கம்மா. நல்லா தெளிவா எழுதுங்க." ப்ளம்பர் ஸ்பேனரைப் பிடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோர்ட்டில் நான் ஒரு பொய்யையும் சேர்த்ததில்லை. சொன்னவர் சொன்னதை எழுதியிருக்கிறேன், அவ்வளவுதான். இங்கேயும் அப்படியே எழுதினேன்: பதினேழாவது நிமிடம், கனைப்பு ஒன்று, மூன்று முறை கேட்டும் எவரும் உரிமை கோரவில்லை, விளக்கம் கிடைக்கவில்லை.

"எனக்கு ஒரு காப்பி வேணும். எல்லாரும் கையெழுத்துப் போட்டு" என்றாள் மகள்.

"நீங்கதான் இதையெல்லாம் நம்பாதவங்களாச்சே?" என்றேன்.

"நான் நம்பமாட்டேன். எங்க வீட்டுக்காரர் நம்புவார். அப்பாவுக்கு மாடி ரூம் பிடிக்கலைன்னு சொன்னா அவர் முகம் வாடிடும். ஆவியே தடுக்குதுன்னா வண்டிக்காரருக்கு அவரே போன் போட்டு வேண்டாம்னுடுவார்."

நான்கு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். அப்பாவைப் பார்த்து, "சனிக்கிழமை சனிக்கிழமை வந்து பார்ப்பேன். மாத்திரையை ஒழுங்கா சாப்பிடலைன்னா ஆவியாவது ஒண்ணாவது, கட்டித் தூக்கிட்டுப் போயிடுவேன்" என்றாள்.

"சரிம்மா" என்றார் அவர், குற்றம் செய்த பையனைப் போல.

தலைவரும் மகளும் முன்னால் படியிறங்கினார்கள். மற்ற ஊர்ச் சங்கங்களுக்கெல்லாம் எப்படிக் கடிதம் எழுதுவது என்று அவர் இப்போதே சத்தமாக யோசித்துக்கொண்டு போனார். நான் செருப்பை மாட்டும்போது லிஃப்ட்காரர் பக்கத்தில் வந்தார்.

"நீங்க அவ பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"ஆமாங்க."

"கோர்ட்ல வேலை பார்த்த காது."

"ஆமாங்க."

"அப்போ?"

"அடுத்தவங்க சத்தத்தை நாம சொல்லக் கூடாதுங்க. சங்கத்து விதி."

தலையை ஆட்டினார். "நல்ல விதி. சின்னப் பிள்ளையிலேயே அப்படித்தான். பொய் சொன்னா கட்டைவிரலை மடக்கிக்குவா. தொண்டை மட்டும் அப்படியே அவ அம்மா." பிறகு ப்ளம்பர் பக்கம் திரும்பி, "தம்பி, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?" என்றார்.

"சொல்லுங்க."

"வீடு கப்சிப்னு இருக்கு. இனிமே இங்க நான் ஒருத்தன்தான் இருக்கணும்."

ப்ளம்பர் என்னைப் பார்த்தார். நான் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் போட்டேன். அவர் ஸ்பேனரோடு சமையலறைக்குள் போனார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, திரும்பி வந்துவிட்டார்.

இரண்டாவது மாடியில் தலைவர் படியிலேயே நின்றிருந்தார், தலையைச் சாய்த்து, கையைத் தூக்கி எங்களை நிறுத்தியபடி.

"மேல ஏதோ சொட்டுற சத்தம் கேக்குதே?"

கேட்டது. நன்றாகவே கேட்டது.

ப்ளம்பர் விதியை மீறுகிறவர் இல்லை.

"அது நான், மாமா" என்றார்.