பூவுக்கு வசனம் கிடையாது

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே கட்டடத்தில் நடக்கும் பள்ளி அது. ஆண்டு விழாவுக்கு ஒரே ஒரு நாடகம்தான். எல்லா வகுப்பிலிருந்தும் சில பிள்ளைகளாவது அதில் இருந்தாக வேண்டும். பதினொரு வயதுக் குழந்தையும் சவரம் செய்ய ஆரம்பித்துவிட்ட பையனும் ஒரே மேடையில் நிற்கிற மாதிரி ஒரு கதையைத் தேடிப் பிடிப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று பதினான்கு வருடமாக அந்த வேலையைச் செய்துவந்த தமிழ் டீச்சருக்குத்தான் தெரியும். மற்ற யாருக்கும் தெரியாது. அதனால்தானோ என்னவோ, அவர்களுக்கு அதைப் பற்றி அவ்வளவு அபிப்பிராயங்கள் இருந்தன.

அந்த வருடம் முதல்வருக்குத் திடீரென்று ஜனநாயகம் பொங்கி, நாடகத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு போட்டார். துணை முதல்வர், விளையாட்டு மாஸ்டர், பெற்றோர் சங்கத் தலைவி, டீச்சர் என்று நான்கு பேர். பெற்றோர் சங்கத் தலைவி வேறு யாருமல்ல, டீச்சரின் நாத்தனார். கணவரின் மூத்த அக்கா. நாலு பேர் கூடும் இடத்தில் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் அவருக்கு உட்காரத் தெரியாது.

ஆசிரியர் அறையில் கூடினார்கள். துணை முதல்வர் கொண்டுவந்தது முயலும் கரடியும் பேசிக்கொள்ளும் கதை.

"சார், இது மூணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு எழுதினது. பன்னெண்டாவது பசங்களுக்கு மீசை முளைச்சிருக்கு. தலையில முயல் காது மாட்டிவிட்டா அடுத்த நாள் ஸ்கூல் பக்கம் வருவாங்களா?" என்றாள் டீச்சர்.

துணை முதல்வர் யோசித்தார். "மீசைய எடுக்கச் சொல்லிடலாமே?"

ஆயிரத்து இருநூறு பிள்ளைகளின் கால அட்டவணை இந்த மனிதர் கையில் இருக்கிறதே என்று டீச்சர் மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

விளையாட்டு மாஸ்டர் இணையத்தில் இறக்கிய ஒரு கல்யாணக் காமெடியை நீட்டினார். மூன்றாம் பக்கத்திலேயே மாப்பிள்ளை இரட்டை அர்த்தத்தில் பேச ஆரம்பித்துவிட்டான். மாஸ்டர் அதைப் படிக்காமலே அச்செடுத்திருந்தார்.

"ஆறாங்கிளாஸ் பொண்ணு மணப்பொண்ணா உக்காந்து இதக் கேக்கணுமா மாஸ்டர்?"

"அந்த எடத்துல மட்டும் மைக்க ஆஃப் பண்ணிடுவோம்."

கடைசியாக நாத்தனார் பையைத் திறந்தார். அவரே எழுதிய நாடகம். அறுபத்திரண்டு பக்கம், சுருள் கம்பி போட்டுக் கட்டியது, அட்டையில் கன்னத்தில் கைவைத்த அவர் படம். 'கண்ணீரில் ஒரு கலங்கரை விளக்கம்' என்று தலைப்பு. மகனுக்காகத் தன் கண்களையே கொடுக்கும் தாயின் கதை. பதினொரு காட்சி, பதினொன்றிலும் தாய் உண்டு. தாயாக நடிக்கப்போவது பதினோராம் வகுப்பில் படிக்கும் தன் மகள் என்பதை முதல் பக்கத்திலேயே அச்சடித்து வைத்திருந்தார்.

"மத்தப் பிள்ளைங்க என்ன செய்வாங்க அண்ணி?"

"அதான் இருபத்தாறு மலர்கள் இருக்கே. பின்னாடி நின்னு அசையணும். சோகம் வந்தா வாடணும். அழகா இருக்கும் பாரேன்!"

டீச்சர் தான் கொண்டுவந்த நாடகத்தை எடுத்தாள். வழியில் பழுதாகி நின்றுவிட்ட ஒரு பேருந்து, அதற்குள் முப்பது பயணிகள். பேருந்தில் எல்லா வயசுக்காரர்களும்தான் ஏறுகிறார்கள். சின்னவன் சின்னவனாகவே வரலாம், பெரியவன் கண்டக்டராகலாம். எவருக்கும் நாலு வசனத்துக்குக் குறையாது. பொதுத்தேர்வு எழுதுகிற பிள்ளைகள் ஒத்திகைக்கு வராவிட்டாலும் அவர்கள் பகுதிக்குத் தனியாக ஒத்திகை வைத்துக்கொள்ளலாம்.

"பஸ் நின்னுபோச்சுன்னு ஒரு கதையா?" நாத்தனார் சிரித்தார். "அத நான் தினமும் ரோட்டுலயே பாக்கறேனே."

மற்ற இருவரும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள். மேடைத் திரைக்குப் புதுத் துணி பெற்றோர் சங்கம்தான் வாங்கித் தரப்போகிறது என்பது இருவருக்கும் தெரியும். கை தூக்கினார்கள். மூன்றுக்கு ஒன்று.

வீட்டில் கணவர் எப்போதும்போல் இரண்டு பக்கமும் தலையாட்டினார். "அக்கா ஆசையா எழுதியிருக்கு. ஒரு வருஷம் விட்டுக்குடுத்துட்டுப் போயேன்." அக்காவுக்கு எதிராக அவர் வாயைத் திறந்து இவள் பார்த்ததில்லை. பதில் சொல்லுவது வீண் என்று படுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் குழுவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். பிள்ளைகளை வைத்து நாடகத்தை முழுசாக ஒரு தடவை வாசிக்க வேண்டும், குழு உட்கார்ந்து கேட்க வேண்டும். தன் எழுத்தை நாற்பது பேர் கேட்கப்போகிறார்கள் என்றதும் நாத்தனாருக்கு முகமெல்லாம் பல்.

சனிக்கிழமை காலை நூலகத்தில் வாசிப்பு. தாயாக நாத்தனாரின் மகள். மகனாக யாரைப் போடுவது என்பதை டீச்சர் யோசித்துத்தான் செய்தாள். குரல் உடைந்துகொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். என்ன நடக்கும் என்று தெரிந்தேதான் செய்தாள்.

ஒன்பதாம் பக்கத்தில் நான்கு மலர்கள் தூங்கிவிட்டன. ஓர் ஆறாம் வகுப்பு மலர் கை தூக்கியது. "மிஸ், பூவுக்கு வசனமே கிடையாதா?"

"கிடையாது. வாடு," என்றார் நாத்தனார்.

அங்கங்கே களுக்கென்று சத்தம் கிளம்பியது. நாத்தனாரின் மகள் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் உணர்ச்சியோடு படித்தாள். அம்மா எழுதியதை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்பதுபோல் படித்தாள். பிறகு கண் கொடுக்கும் காட்சி வந்தது.

"தாயே! உன் விழிகளால் நான் உலகைக் காண்..." என்ற இடத்தில் பையனின் குரல் கீச்சென்று மேலே ஏறி, தடாலென்று கீழே விழுந்தது. நூலகம் அதிர்ந்தது. தூங்கிய மலர்கள் எழுந்து சிரித்தன. விளையாட்டு மாஸ்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். துணை முதல்வர் மேசைக்கடியில் எதையோ தேடினார்.

"சிரிக்காதீங்க! இது சோகம்!" என்று நாத்தனார் கத்தக் கத்தச் சிரிப்பு கூடியது. டீச்சர் சிரிக்கவில்லை. தேவையிருக்கவில்லை. பதினான்கு வருடத்தில் இவ்வளவு நிறைவான ஒத்திகையை அவள் பார்த்ததில்லை.

எட்டாம் வகுப்புப் பையன் காதுவரை சிவந்து தலை குனிந்திருந்தான். நாத்தனாரின் மகள் பிரதியை மூடினாள்.

"அம்மா, எனக்கு இது வேண்டாம். அத்தைகிட்ட நீ பெரிய ஆளுன்னு காட்டறதுக்கு எழுதியிருக்க. மேடையில நிக்கப்போறது நாங்க."

டீச்சர் நிமிர்ந்தாள். அந்தப் பெண் இப்போது அவள் பக்கம் திரும்பியிருந்தாள்.

"நீங்களும்தான் அத்தை. இவன் குரல் இப்படித்தான் இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா? அம்மாவ மட்டம் தட்டணும்னா நேரா சொல்லியிருக்கலாம். எங்கள எதுக்கு உக்கார வெச்சீங்க?"

பையனின் தோளைத் தட்டி எழுப்பி, கூட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

திங்கட்கிழமை குழு, யாருடைய மனமும் புண்படாத வகையில், பேருந்து நாடகத்தைத் 'தற்காலிகமாக' ஏற்றுக்கொண்டது. டீச்சர் நினைத்தது நடந்தது. ஆனாலும் அன்று பாடம் நடத்தும்போது இரண்டு முறை வரி தவறியது.

மதியம் எட்டாம் வகுப்புக்குப் போய்ப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவன் கூச்சத்தில் சட்டைப் பொத்தானைத் திருகினான். "பரவால்ல மிஸ். பஸ்ல டிரைவர் வேஷம் குடுப்பீங்களா?" கொடுத்தாள்.

நாத்தனாரின் மகளை மாடிப்படியில் பிடித்தாள்.

"தப்பு என் மேலதான். மனசுல வெச்சுக்காத. கண்டக்டர் வேஷம் உனக்குத்தான்னு வெச்சிருக்கேன்."

"அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா அத்தை?"

டீச்சர் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்து மூடினாள். அந்தப் பெண், "அப்ப கண்டக்டருக்கு வேற யாரையாவது போட்டுக்குங்க," என்று சொல்லி மேலே ஏறிப் போனாள்.

வேறு ஒருத்தியைப் போட்டார்கள். ஆண்டு விழாவன்று சுமாராகச் செய்தாள். டிரைவரின் குரல் உடைந்த இடங்களில் எல்லோரும் சிரித்தார்கள். அங்கெல்லாம் சிரிக்கும்படிதான் வசனம் இருந்தது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நாத்தனார் கைதட்டக் கூடாத இடங்களில் எல்லாம் கைதட்டினார். முடிந்ததும் மேடையேறி, இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்த குழுவில் தானும் ஒருத்தி என்று மைக்கில் ஐந்து நிமிடம் பேசினார். துணை முதல்வர் அதற்கும் தலையாட்டினார்.

டீச்சர் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த அம்மாளிடம் போயா மன்னிப்புக் கேட்பது என்று பல்லைக் கடித்தாள். கூட்டத்தில் கண் மட்டும் அந்தப் பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தது. அவள் வந்திருக்கவில்லை.