எர்த் வயரில் சந்தனக்காப்பு

என் வீட்டுக்காரர் நெல்லையப்பனுக்கு இந்த உலகத்தில் இரண்டு பேரிடம்தான் பயம். ஒன்று ஆற்றுக்கால் அம்மை, இன்னொன்று நாங்குநேரியில் இருக்கும் அவருடைய அக்கா வடிவம்மாள். என்னிடம் துளி பயம் இருந்திருந்தால்கூட அன்றைக்கு அவ்வளவு பாடு பட்டிருக்க வேண்டாம்.

எண்பத்தைந்தாம் வருடம், பெண்கள் தெருவெல்லாம் அடுப்பு மூட்டி அம்மைக்குப் பொங்கல் வைக்கும் ஆற்றுக்கால் பொங்காலை நாள் அது. எங்கள் பழைய காரின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கி ஹாரன், பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயர், முன்னால் கேசட் பிளேயர். கோயிலுக்குப் பக்கத்தில் மணக்காட்டில் வண்டியை ஓரங்கட்டிப் பக்திப் பாட்டும் அறிவிப்பும் போடுவது எங்கள் வேலை. கண்ணுக்கு எட்டிய தூரம் செங்கல் அடுப்பு, மண்பானை, பெண்கள், புகை. வண்டி ஓரடி நகர வழியில்லை. மதினி வடிவம்மாளும் ஊரிலிருந்து வந்து வண்டிக்குப் பக்கத்திலேயே அடுப்பு மூட்டியிருந்தார்.

"ஏட்டி கோமதி, பானையப் பாத்துக்கோ. முகம் கழுவிட்டு வாரேன்" என்று போனவர் போனவர்தான். பானை பொங்கி வழிந்தும் ஆளைக் காணோம். சர்க்கரை வியாதிக்காரி. விரதம் என்று சோறு தொடாமல் மாத்திரையை மட்டும் விழுங்கியிருந்தார். மலையாளம் ஒரு சொல் வராது. எங்கேயாவது மயங்கி விழுந்து கிடந்தால் யாரிடம் என்ன சொல்வார்?

மைக்கை எடுத்து, "நாங்குநேரி வடிவம்மாள்" என்று ஆரம்பித்தேன். ஹாரன் கரகரவென்று இழுத்து அமுங்கியது.

"ஐயோ சேச்சி, வண்டியில பொக!" என்று பக்கத்து அடுப்புக்காரி கத்தினாள். ஊரெல்லாம் புகையாக இருந்ததில் எங்கள் வண்டியின் புகையை நாங்கள்தான் கவனிக்கவில்லை.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பானெட்டைத் தூக்கினார். பியூஸ் அப்படியே இருந்தது.

"வயர் மெலிசுட்டி. தடி வயரா மாத்தணும்."

"இன்னைக்கு எவன் கடையத் திறந்து வச்சிருக்கான்?"

"அப்ப ஒண்ணும் நடக்காது. நான் நடந்தே தேடுதேன்."

"இந்தக் கூட்டத்திலயா? பிறகு உங்களையும் நான் தேடவா? சும்மா நில்லுங்க!"

வயர் மெலிசு என்றால் நெடுக அல்லவா சுட வேண்டும்? சிவப்பு வயரைப் பேட்டரியிலிருந்து பின்சீட்டு வரை விரலால் தடவிக்கொண்டே போனேன். இளஞ்சூடுதான். கறுப்பு எர்த் வயரைப் பின்சீட்டிலிருந்து முன்னால் தடவி வந்தேன். அதுவும் இளஞ்சூடு. பானெட்டுக்குள் அது வண்டியின் பாடித் தகரத்தோடு போல்ட்டில் சேரும் இடத்தில் மட்டும், அப்பா! விரல் பொத்துப்போகும் சூடு. அந்த முனையில் பிளாஸ்டிக் உருகி வழிந்திருந்தது. குனிந்து மோந்தேன். கருகல் நாற்றத்தோடு சந்தன வாசம்.

"இங்க எப்படிச் சந்தனம் வந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டதும், அவர் துரு சுரண்டுவதற்காக அந்த வயரைக் கழற்றியிருக்கிறார். அக்கா பிரசாத இலையோடு வந்து, வயர் முனையிலும் தகரத்திலும் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பிவிட்டார்.

"துடைச்சா பாவம்லா? அதான் மேலேயே வச்சு முறுக்கிட்டேன்."

"கரண்டு போற வழியில சந்தனக்காப்பு சாத்திருக்கியளே, நல்லா இருப்பியளா! அது முட்டி முட்டிச் சூடாகாம என்ன செய்யும்?"

வெல்லம் நறுக்கும் கத்தியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "வேண்டாம்ட்டி. அக்காவுக்குத் தெரிஞ்சா தொலைச்சிருவா."

"வந்து தொலைக்கட்டும். அவங்க வரணும்னுதான சுரண்டுதேன்."

அவர் கையை எடுத்துவிட்டார். முந்தானையைச் சுற்றிப் போல்ட்டைக் கழற்றினேன். காய்ந்து கறுத்திருந்த சந்தனத்தைத் தகரம் பளபளக்கும் வரை சுரண்டினேன். கருகிய முனையை வெட்டி எறிந்து, புதிதாகச் செம்புக் கம்பியைச் சீவி, போல்ட்டில் சுற்றிக் கொடுத்தேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார்.

"போல்ட் மேல விரல வச்சுக்கிட்டே நில்லுங்க. சுட்டா சொல்லுங்க."

மைக் கணீரென்று பேசியது. ஊரையும் பேரையும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டது. யாரும் வரவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெண்கள் வைத்த பானையை ஆண்கள் தொடக்கூடாத நாள் அது. சட்டென்று அது நினைவுக்கு வந்தது.

"மதினி! இந்தச் சத்தத்தப் பாத்தே நடந்து வாங்க. இல்லன்னா உங்க பானைய உங்க தம்பிதான் இறக்குவாரு!"

தமிழ் தெரிந்த பெண்கள் தெருவெல்லாம் சிரித்தார்கள். நான் நிறுத்தவில்லை. "வந்துட்டாரு! துணியக் கையில எடுத்துட்டாரு! பானையத் தொடப் போறாரு!"

"சூடே இல்லட்டி, பேசு!" என்றார் அவர், போல்ட்டிலிருந்து விரலை எடுக்காமல்.

புகைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "எலே நெல்லையப்பா! கைய வச்ச, ஒடிச்சிருவேன்!"

முகமெல்லாம் வேர்த்து, கை வெடவெடக்க, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் தோளைப் பிடித்தபடி மதினி வந்தார். எல்லாத் தெருவும் ஒரே அடுப்பாக இருந்ததில் வழி தப்பி, எங்கேயோ ஒரு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாராம். நான் பேசவே விடாமல் வாயில் வெல்லத்தைத் திணித்தேன். பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

நடுக்கம் நின்றதும் மதினியின் கண் பானெட்டுக்குள் போயிற்று. "என் சந்தனத்த யாருட்டி சுரண்டுனா?"

என் வீட்டுக்காரர் வண்டிக்குப் பின்னால் நழுவினார்.

"நான்தான்" என்றேன்.

மதினி இடுப்பில் செருகியிருந்த பிரசாத இலையை எடுத்துப் பிரித்து, மீதிச் சந்தனத்தை விரலில் தொட்டுக்கொண்டு நேராகப் போல்ட்டைப் பார்த்துப் போனார். நான் அந்தக் கையை எட்டிப் பிடித்து என் நெற்றிக்குக் கொண்டுவந்தேன்.

"இங்க வைங்க மதினி. சூடு இறங்கட்டும்."