மழை வந்தால் எரியும் திரை

"மழை பெஞ்சா வர்றான், லென்" என்றாள் பெர்னி. "ஆனா இப்ப கொஞ்ச நாளா படம் வர மாட்டேங்குது. வெறும் கோடுதான் வருது. அதை மட்டும் சரி பண்ணிக் குடு."

லெனர்ட் பிலார்ஸ்கி திருப்புளியை எடுத்தார். தம்பி ஜீன் இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவன் தன் கையால் செய்த வீடியோ கேம் பெட்டி நிலவறையில் ஆளுயரத்துக்கு நின்றது. உள்ளே பழைய டப்பா டிவி. அது தானாக எரிகிறது, தம்பிதான் வருகிறான் என்று தம்பி மனைவி பெர்னி சொல்கிறாள். இதை லெனர்ட் முதலில் கேட்டது அவள் வாயிலிருந்து அல்ல. தேவாலயத்து வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், சித்தப்பா மகன் ஃப்ளோரியன் நாலு பேர் நடுவில் கேட்டான்: "என்ன லென், உன் தம்பி இன்னும் கேம் ஆடுறானாமே? மோட்சத்துல மெஷின் கெடைக்கலையா?"

மேசையே சிரித்தது. லெனர்ட் மீனைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். பிலார்ஸ்கி என்ற பெயரைச் சொல்லி இந்த ஊரில் அதுவரை யாரும் சிரித்ததில்லை. வீட்டுக்குள் ஒருவர் வந்தால் எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டு, நேராக நிற்கும் குடும்பம் அது. ஞாயிற்றுக்கிழமை ஜீனின் ஆண்டுத் திருப்பலி. அது முடிந்து உறவெல்லாம் இந்த நிலவறையில்தான் சாப்பிட உட்காரும். அதற்குள் இந்தப் பேச்சுக்கு முடிவு கட்டிவிட வேண்டும்.

பெர்னி சூப் வைக்க மேலே சமையலறைக்குப் போனாள். வெளியே மழை பிடித்திருந்தது. லெனர்ட் பெட்டியின் பின்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூலைக் குழியில் ஊற்றுநீர் ஏறியதும் அதை வெளியே இறைக்கும் பம்ப் உறுமிக்கொண்டு கிளம்பியது. தலைக்கு மேல் பல்பு ஒருமுறை கண் சிமிட்டியது. அவ்வளவுதான். சற்றுப் பொறுத்து, யாரும் தொடாமலே, பெட்டிக்குள் ஒரு 'டிக்'. தொடர்ந்து திரை 'தும்' என்று அதிர்ந்தது. அவர் முன்கை மயிர் சிலிர்த்து நின்றது. முன்பக்கம் எட்டிப் பார்த்தார். கறுத்த கண்ணாடியின் குறுக்கே வெள்ளைக் கோடு ஒன்று, மூடியும் மூடாத கண்ணைப் போல.

எஃகு ஆலையில் மின்பிரிவைக் கட்டி மேய்த்தவர் அவர். காரணம் பிடிபட நேரமாகவில்லை. இந்த மாதிரி டிவி எரிய மின்சாரம் வந்தால் மட்டும் போதாது. அதன் பொத்தானை ஒருவர் அமுக்க வேண்டும். பெட்டியின் ஸ்விட்சைப் போட்டதும் அந்த வேலையும் தானாக நடக்கட்டும் என்று ஜீன் ஒரு சின்ன மின்பலகையை வைத்திருந்தான். மின்சாரம் வந்ததும் அது விழித்து, கொஞ்சம் காத்திருந்து, பொத்தானை அமுக்கும். பெர்னியோ டிவியை வீணாக எரியவிடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள். டிவியின் பொத்தானை அமுக்கி அணைப்பாளே தவிர, பெட்டியின் ஸ்விட்சைத் தொடமாட்டாள்; பலகைக்கு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். மழையில் பம்ப் கிளம்பும்போது மின்சாரம் ஒரு கணம் தளரும். அந்தப் பலகை செத்துப் பிழைக்கும். மின்சாரம் இப்போதுதான் வந்தது என்று எண்ணி மறுபடி அமுக்கும்.

பேயும் இல்லை, தம்பியும் இல்லை. ஆனால் அந்த 'டிக்' சத்தம் வரும்வரை தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

பிளக்கைப் பிடுங்கினார். நீண்ட திருப்புளியை எர்த் கம்பியோடு இணைத்து, பிக்சர் டியூபின் ரப்பர் மூடிக்குள் நுழைத்தார். உள்ளே தேங்கியிருந்த மின்சாரம் 'டப்' என்று இறங்கியது. மேலே போய்ச் சூப்பைக் குடித்துவிட்டு வந்து, சற்றும் யோசிக்காமல் அங்கேயே கையை வைத்தார். கை தூக்கி எறியப்பட்டுப் பலகையில் மோதியது. இறக்கிவிட்ட பிறகும் அந்தக் கண்ணாடி தன்னிடம் மிச்சமிருப்பதை மெல்லச் சேர்த்துக்கொள்ளும். ஆலையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்!

படியில் நின்ற பெர்னி சிரித்தாள். "அடிச்சிட்டானா? அவன் பொருளைத் தொட்டா அப்படித்தான். சின்ன வயசுல அவனை நீ எத்தனை அடி அடிச்சிருப்ப!"

"கண்ணாடியில மிச்சமிருந்த கரண்டு, பெர்னி."

"சரி சரி, மிச்சமிருந்ததுதான்."

படத்தை மேலும் கீழும் விரிக்கும் சிப்பின் காலில் ஈயப் பற்றவைப்பு வட்டமாக வெடித்திருந்தது. ஈயத்தை உருக்கி ஒட்டினார். படம் முழுசாக விரிந்தது. கேமில் அதிக மதிப்பெண் எடுத்தவர்களின் பட்டியல். முதல் வரியில் தம்பி பெயருக்கான ஆங்கில மூன்றெழுத்து. பல வருடம் ஒரே இடத்தில் எரிந்து எரிந்து அது கண்ணாடியிலேயே பதிந்துபோயிருந்தது. டிவியை அணைத்த பிறகும் சாம்பல் நிறத்தில் தெரிந்தது. பெர்னி அதை விரல் நுனியால் தடவிவிட்டு மேலே போனாள்.

அவள் கேட்டது அவ்வளவுதான். கேட்காததையும் லெனர்ட் செய்தார். ஜீனின் பலகைக்குப் போகும் கம்பிகளின் குறுக்கே ஒரு பெரிய மின்தேக்கியை ஒட்டினார். இனி மின்சாரம் தளர்ந்தாலும் பலகை விழித்தே இருக்கும். மழைக்கு யாரும் வரமாட்டார்கள். அவளிடம் சொல்லவில்லை.

ஞாயிறன்று விடிந்ததிலிருந்தே அடைமழை. நிலவறையில் நீள மேசை, கறுத்த ரை ரொட்டி, முட்டைக்கோஸ் கொழுக்கட்டை, வெங்காயத்தோடு வதக்கிய தொத்திறைச்சி, காபி. பெர்னி பெட்டிக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு கல்யாணக் களை.

"பாருங்க, இப்ப வருவான்" என்றாள். "லென் சரி பண்ணிக் குடுத்துட்டாரு."

பம்ப் உறுமியது. பல்பு சிமிட்டியது. எல்லோரும் கரண்டியை நிறுத்தினார்கள். திரை இருண்டே கிடந்தது.

"என்ன பெர்னி, உன் புருஷன் இன்னிக்கு லீவா?" என்றான் ஃப்ளோரியன்.

மேசையின் கடைக்கோடியில் யாரோ சிரிப்பை அடக்க முயன்று தோற்றார்கள். அது பரவியது. "போன மழைக்குக்கூட வந்தான்" என்றாள் பெர்னி. யாரும் அவளைப் பார்க்கவில்லை. "சத்தியமா வந்தான். லென், நீயே சொல்லு. நீ பாத்தல்ல?"

குடும்ப மானம் காக்கச் செய்த வேலை அது. அந்த வேலைதான் பிலார்ஸ்கி வீட்டுப் பெண்ணை உறவெல்லாம் பார்க்கப் பொய்க்காரியாக உட்கார வைத்திருந்தது. சிரிப்பவர்களும் பிலார்ஸ்கிகள்தான்.

"பாத்தேன்" என்றார் லெனர்ட்.

சிரிப்பு நின்றது. அவர் எழுந்தார். திருப்பலிக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு பெட்டிக்குப் பின்னால் போய் ஈரத் தரையில் மண்டியிட்டார்.

"அங்க என்ன பண்றே லென்?" என்றான் ஃப்ளோரியன்.

"நீ திங்கறதப் பாரு."

பேனாக்கத்தியை எடுத்து, தான் ஒட்டிய மின்தேக்கியின் ஒரு காலை அறுத்தார். முழங்காலில் அழுக்கோடு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். பம்ப் ஓய்ந்திருந்தது. குழியில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். யாரும் கரண்டியைத் தொடவில்லை. எது, எதனால், எப்போது நடக்கும் என்று அந்த அறையில் அவர் ஒருவருக்கே தெரியும். தெரிந்தும் திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

பம்ப் கிளம்பியது. பல்பு சிமிட்டியது. ஒரு கணம். இன்னொரு கணம். பெட்டிக்குள் 'டிக்'.

திரை அதிர்ந்து ஒளி கசிந்தது. அந்த மூன்றெழுத்து, கண்ணாடியில் பதிந்த நிழலின் மேலேயே பிசகாமல் வந்து உட்கார்ந்தது. ஃப்ளோரியன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டான். பெர்னி திரையைப் பார்க்கவில்லை. அழுக்கேறிய அந்த முழங்கால்களைப் பார்த்தாள். பிறகு லெனர்ட்டின் முகத்தை.

"காபி ஆறுது, லென்" என்றாள் மெதுவாக.

அது அவர் காதில் விழவில்லை. அவர் எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, முதுகு வளையாமல் நின்றுகொண்டிருந்தார்.