நுரையின் உயரம்

பத்தரை மணிக்கு அருணாதேவி டீச்சரிடமிருந்து போன் வந்தபோது ஜெயபாண்டி மக்காச்சோளத்துக்கு நடுவில், முதுகில் ஸ்பிரேயரோடு நின்றிருந்தான். "மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்கூல் வரைக்கும் வந்துட்டுப் போக முடியுமாங்க? கொஞ்சம் பேசணும்" என்றார் டீச்சர். என்ன விஷயம் என்று கேட்பதற்குள் அந்தப் பக்கம் மணி அடித்து, லைன் போய்விட்டது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் பாண்டிமீனா எதையாவது உடைத்திருப்பாள் என்றுதான் முதலில் நினைத்தான். கையில் கிடைத்த எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். போன மாதம் டார்ச் லைட் அப்படித்தான் போனது. வீட்டுக்கு வந்து கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு போனான்.

ஓடைக்கரைப்பட்டி ஊராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் மொத்தமே பதினாலு பிள்ளைகள். ஜன்னலோர பெஞ்சில் பதினாலு பாட்டில்கள் வரிசையாக நின்றன. கல்யாண மண்டபத்தில் பொறுக்கி வந்தவை. எல்லாம் ஒரே அளவு. ஒவ்வொன்றிலும் பாதி தண்ணீர், கழுத்தில் பெயர் எழுதிய துண்டுக் காகிதம். ஒன்பது பாட்டில்களில் தண்ணீருக்கு மேல் நுரை நாலு விரல் உயரத்துக்குப் பொங்கி நின்றது. மற்ற ஐந்தில் நுரை இல்லை. பால் திரிந்ததுபோல வெள்ளைத் துணுக்குகள் மேலாக மிதந்தன. பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒரு சார்ட். அதில் பதினாலு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக நுரையின் உயரம் சென்டிமீட்டரில். சார்ட்டின் எழுத்து பாண்டிமீனாவுடையது.

"பாடத்துல இருக்கிற சின்ன சோதனைதாங்க" என்றார் டீச்சர். விருதுநகரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். இந்தப் பள்ளிக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. "வீட்டுக் குழாய்த் தண்ணி பாதி பாட்டில் கொண்டுவரச் சொன்னேன். குளிக்கிற சோப்பைச் சீவிக் கரைச்சு, ஆளுக்குப் பத்துச் சொட்டு. முப்பது தடவை குலுக்கணும். எது மென்தண்ணி, எது கடினத்தண்ணின்னு தெரிஞ்சுக்கத்தான். ஆனா முடிஞ்சதும் ஒரு கேள்வி வந்துருச்சு. எனக்குப் பதில் தெரியல. ஊருக்குத் தண்ணி திறந்துவிடுறது நீங்கதானே, அதான் கூப்பிட்டேன்."

நுரை வந்த ஒன்பதும் மேலத்தெருப் பிள்ளைகளின் பாட்டில்கள். வராத ஐந்தும் காலனிப் பிள்ளைகளுடையவை. அது ஜெயபாண்டிக்கு யாரும் சொல்லாமலே தெரிந்தது.

"மொதல்ல இவளுக்குக் குலுக்கத் தெரியலன்னு சொன்னாங்கப்பா" என்றாள் பாண்டிமீனா, பக்கத்தில் நின்ற செல்வலட்சுமியைக் காட்டி. "அதனால கை மாத்திக் குலுக்குனோம். அவ பாட்டில நான், என் பாட்டில அவ. அப்புறம் பாட்டில் அளுக்கா இருக்கும்னாங்க, பாட்டில மாத்துனோம். புதுசா சோப்பு கரைச்சோம். எத மாத்துனாலும் அப்படியேதான் வருது. தண்ணிய மாத்துனாத்தான் மாறுது."

செல்வலட்சுமி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். மகளோடு மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்காருகிற பிள்ளை. அவனை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"சார், எங்க தெருவுல ஆத்துத்தண்ணிக் குளாய் இருக்கு. நான் மூணாப்பு படிக்கிறப்ப ரெண்டு நாள் தண்ணி வந்துச்சு. அப்புறம் ஏன் சார் வரல?"

"பிரஷர் பத்தாதும்மா" என்றான்.

"பிரஷர் பத்தாதுன்னா எம்புட்டுப்பா பத்தாது?" என்றாள் பாண்டிமீனா.

அவள் குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. கையில் ஸ்கேல் இருந்தது. அளந்து எழுதிக்கொள்கிற ஆவலில் கேட்டாள். பதினாலு பிள்ளைகளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் டீச்சர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இந்தச் சார்ட்டக் களட்டிருங்க டீச்சர். ஊர்ல யாராச்சும் பாத்தா வேற மாதிரி பேசுவாக" என்றான்.

"கழட்டிடறேங்க. ஆனா பிள்ளைககிட்ட என்ன சொல்லிக் கழட்டட்டும்?"

அவன் படியிறங்கி வண்டியை எடுத்தான்.

சாயங்காலம் முழுக்க அந்த 'எம்புட்டு' அவன் கூடவே வந்தது. நாலு வருஷத்துக்கு முன்பு காலனிக்குக் குழாய் பதித்து, மாலை போட்டு, போட்டோ எடுத்து, இரண்டு நாள் தண்ணீர் விட்டார்கள். அப்போது தண்ணீர் திறந்துவிட்டுக்கொண்டிருந்தவர் பெத்தணன். அடுத்த வாரமே அவர் வேலையை விட்டார். டேங்குச் சாவியை ஜெயபாண்டி கையில் கொடுக்கும்போது, "ரெண்டாவது வால்வத் தொடாத. தொட்டா மேலத்தெருவுக்குப் பிரஷர் இருக்காது" என்றார். அவருக்கு அதை யார் சொன்னது என்று இவன் கேட்கவில்லை. தலைவர் சொன்னாரா, ஊர்க்கூட்டத்தில் முடிவானதா, எங்கேயாவது எழுதியிருக்கிறதா, எதுவும் தெரியாது. நாலு வருஷமாகத் தினமும் காலையில் டேங்கடி வால்வுக் குழிக்குள் இறங்கி மேலத்தெருவுக்கான முதல் வால்வைத் திறக்கிறான். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இரண்டாவது வால்வு அவன் கண்ணில் படாமலே போய்விட்டது. யாரையும் தண்ணீருக்குத் தவிக்க விட்டதாக அவன் ஒருநாளும் நினைத்ததில்லை. காலனிக்குத்தான் போர்வெல் இருக்கிறதே, இருபத்து நாலு மணி நேரமும் வருகிறதே என்றுதான் நினைத்திருந்தான். அந்தத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று வாயில் வைத்துப் பார்த்தது கிடையாது.

பாண்டிமீனா அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. வீட்டுப்பாடம் எழுதினாள், சாப்பிட்டாள், தூங்கிப்போனாள். அவள் கோபப்பட்டிருந்தால் ஒரு அதட்டுப் போட்டு முடித்திருக்கலாம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்தும் விடியாமல் டேங்குக்குப் போனான். முதல் வால்வைத் திறந்துவிட்டு இரண்டாவதில் கையை வைத்தான். துரு பிடித்து அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டு, கால் மணி நேரம் ஊறவிட்டு, பைப் ரெஞ்சைப் போட்டுத் தம் பிடித்துத் திருப்பினான். மொத்தம் பதினோரு சுற்று. தண்ணீர் இரைந்துகொண்டு போகும் சத்தம் காலடியில் கேட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போனான்.

பயராபீஸ் என்று ஊரில் சொல்லும் பட்டாசு ஆலையின் வேன் ஏழு மணிக்கு வரும். அதற்குள் வீட்டு வேலையை முடித்துவிட்டு அதில் போகிற பெண்கள் தெருமுனையில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுத்தண்ணீர்க் குழாயில் யாரோ துணி காயப்போடக் கொடிக்கயிறு கட்டியிருந்தார்கள். அவன் போய் நின்றபோது குழாய் உறுமி, காற்றைக் கக்கி, செந்நிறமாகக் கொஞ்ச நேரம் துப்பிவிட்டுத் தெளிந்தது. செல்வலட்சுமியின் அம்மா சோலையம்மாள் எழுந்து வந்து தண்ணீரில் கை வைத்தாள். கம்பி மத்தாப்புக்கு மருந்து முக்குகிற வேலை அவளுக்கு. உள்ளங்கை ரேகைகளிலும் நகக்கண்களிலும் அலுமினியப் பொடி வெள்ளி வெள்ளியாகப் படிந்திருந்தது. உப்புத்தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு பிடிக்காது. அந்தக் கையோடுதான் சோறு பிசைந்து போடுவாள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஒரு வாய் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு அவள் இவனைப் பார்த்தாள்.

"அண்ணே, தெரியாமத் தொறந்துட்டீகளா?"

"இல்ல. தெரிஞ்சுதான் தொறந்தேன்."

சந்தோஷமா சந்தேகமா என்று சொல்ல முடியாத முகத்தோடு அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள். "எத்தன நாளைக்கு?" என்றாள்.

அவன் வண்டியைத் திருப்பினான்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி நாகஜோதி முற்றத்துக் குழாயடியில் இடுப்பில் கைவைத்து நின்றாள். "என்னங்க இது, தண்ணி நூல் மாதிரி வருது? தெருவே கத்துது." ஒன்பது மணிக்கு டீக்கடையில் பெரியப்பா உக்கிரபாண்டி அவனைப் பிடித்துக்கொண்டார். அப்பாவின் அண்ணன், வார்டு உறுப்பினர். மேலத்தெருவில் அவர் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது.

"ஏலே, யாரு சொல்லித் தொறந்த?"

"யாரும் சொல்லல பெரியப்பா."

"அப்ப ஏன் தொறந்த?"

"மூடி வைக்கச் சொல்லியும் யாரும் சொல்லலயே" என்றான்.

உக்கிரபாண்டி டம்ளரை வைத்தார். "தண்ணி பத்தாமத் தெரு தவிச்சா நீ பதில் சொல்லுவியா? தலைவர்ட்ட ஒரு வார்த்த சொன்னா இந்த வேலைக்கு வேற ஆளு வருவான். திங்கக்கிளமைக்குள்ள மூடிரு." எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாலையில் அதைக் கேட்ட நாகஜோதி ஒரே வார்த்தையில், "மூடிருங்க" என்றாள். பாண்டிமீனா பள்ளிப்பையைக் கூட இறக்காமல் நின்றாள். "நூல் மாதிரின்னா எம்புட்டும்மா? அளந்து பாத்தியா?"

"போடி, நான் என்ன ஸ்கேல வச்சுக்கிட்டா தண்ணி பிடிக்கிறேன்?"

"ஸ்கேல் வேண்டாம். குடம் போதும்" என்றாள் பாண்டிமீனா.

சனிக்கிழமை காலையில் ஜெயபாண்டி வால்வுக் குழிக்குள் போனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நின்றான். மறுமுனையில், வீட்டுக் குழாயடியில் பாண்டிமீனா. அதே அழைப்பில், காலனிக் குழாயடியில் அம்மாவின் போனோடு செல்வலட்சுமி. இரண்டு இடத்திலும் ஒரே அளவு பிளாஸ்டிக் குடம். குழாயை முழுசாகத் திறந்து, குடம் வழிகிறவரை நொடி எண்ணவேண்டும்.

"அப்பா, இப்ப ரெண்டாவது வால்வ மூடுங்க."

மூடினான். கொஞ்ச நேரம் கழித்து, "நாப்பத்திரண்டு!" என்றாள் மகள்.

"இங்கன ஒண்ணுமே வரல" என்றாள் செல்வலட்சுமி.

"இப்ப முளுசாத் தொறங்க."

பதினோரு சுற்றும் திறந்தான். மேலத்தெருவில் எழுபத்தொன்று, காலனியில் ஐம்பது. பாதியாக்கிப் பார்க்கலாம் என்று செல்வலட்சுமிதான் சொன்னாள். ஆறு சுற்றில் நிறுத்தினான், ஐந்தில் நிறுத்தினான், நாலில் நிறுத்தினான். ஒவ்வொரு தடவையும் இரண்டு குரல்கள் மாறி மாறி எண்களைக் கத்தின. முழங்கால் வரை சேறு, கையெல்லாம் கிரீஸ். ஏதோ விளையாட்டில் சேர்த்துக்கொள்ளப்பட்டவனைப்போல அவனுக்குச் சிரிப்பு வந்தது. நாலு வருஷமாக இந்தக் குழிக்குள் தண்ணீர் இத்தனை கணக்காக நடந்துகொள்கிறது, தான் ஒருமுறைகூடக் கேட்டுப் பார்க்கவில்லையே என்றிருந்தது. ஐந்து சுற்றில் மேலத்தெருவுக்கு ஐம்பத்தேழு, காலனிக்கு எழுபத்தைந்து. அந்த இடத்தில் வால்வில் பெயிண்டால் ஒரு கோடு போட்டான்.

அன்று மாலை பெரியப்பா வீட்டுக்குப் போனான். உக்கிரபாண்டி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"பெரியப்பா, நமக்கு ஒரு குடத்துக்குப் பதினஞ்சு நொடி கூட ஆகும். அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒரு சொட்டு கொறையாது."

"யாரு சொன்னா?"

"பிள்ளைக அளந்துச்சுக."

"பிள்ளைக அளந்து ஊருக்கு நாயம் சொல்லுதாக்கும்." பேப்பரை மடித்தார். "பதினஞ்சு நொடியோ பதினாறு நொடியோ, இன்னைக்கு இது, நாளைக்கு என்ன கேப்பாக?"

"நாளைக்குக் கேக்குறத நாளைக்குப் பாப்போம் பெரியப்பா. இது நாலு வருசத்துக்கு முன்னயே குடுத்தது. நாமதான் மூடி வச்சிருக்கோம். நான்தான் மூடி வச்சிருந்தேன். வேற ஆளப் போடுறதுன்னா போட்டுக்கோங்க. நான் மூட மாட்டேன்."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். பெரியம்மா கொண்டுவந்த காபி ஆறிப்போகும்வரை நின்றுவிட்டு ஜெயபாண்டி திரும்பினான். மறுநாளே தலைவரிடம் போய்விடுவார் என்றுதான் தோன்றியது. வேலை போனால் இரண்டு ஏக்கர் மக்காச்சோளத்தை மட்டும் நம்பி என்ன செய்வது என்று நாகஜோதி ராத்திரி படுக்கும்வரை புலம்பினாள். ஆனாலும் மூடச் சொல்லி அவள் மறுபடி சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து சுற்றில் வால்வை வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு ஜெயபாண்டி தெருவுக்குள் வந்தபோது பாண்டிமீனா ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வாயில் விரல் வைத்துச் சத்தம் போடக் கூடாதென்று சைகை காட்டினாள். தெருவின் கடைசிப் பொதுக்குழாயடியில் உக்கிரபாண்டி குத்த வைத்து உட்கார்ந்திருந்தார். வீட்டிலிருந்து பித்தளைக் குடம் ஒன்றைக் கொண்டுவந்து குழாய்க்கடியில் வைத்திருந்தார். தண்ணீர் சீராக விழுந்துகொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி, கண்ணாடி இல்லாத கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். குடம் வழிந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார், அப்புறம் குழாயைப் பார்த்தார்.

பாண்டிமீனாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"தாத்தா, ஒரு தடவ பாத்தாப் பத்தாது. மூணு தடவ பாக்கணும்."

அவர் திரும்பி அவளை முறைத்தார். பின்னால் நின்ற ஜெயபாண்டியையும் பார்த்தார். குடத்தைச் சாய்த்து, பக்கத்தில் நின்ற முருங்கைக்கன்றின் அடியில் தண்ணீரை முழுக்க ஊற்றினார். மண் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது. காலிக் குடத்தை மறுபடி குழாய்க்கடியில் வைத்து, அது ஆடாமலிருக்க ஒரு சின்னக் கல்லை அண்டக்கொடுத்துவிட்டு, கடிகாரத்தை முகத்துக்கு நேராக உயர்த்தினார்.