அட்டைக் காசோலை

மேப்பிள் தெருவின் சின்ன மஞ்சள் வீட்டு வாசலில், ஆளுயர அட்டைக் காசோலையைப் பிடித்தபடி மேயர் ஹார்லன் பேசிக்கொண்டே போனார். நகரத்தின் ஆன்மா என்றார். கனவின் கதவு என்றார். மறுமுனையைப் பிடித்திருந்த டொரீனுக்குக் கை மரத்துப்போனது. நகராட்சியில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவள். இதுவரை வாடகை வீடுதான். முதன்முதலாக வீடு வாங்குபவர்களுக்கு நகராட்சி தரும் முன்பண உதவி இல்லையென்றால் அந்த மஞ்சள் கதவை அவள் ஏறிட்டும் பார்த்திருக்க மாட்டாள்.

விழாவுக்கு முந்தைய ஞாயிறு அந்தத் தெருவின் பனியைத் தள்ளியதும் அவள்தான். டிவிக்காரர்களின் வண்டி சிக்கிவிடக் கூடாது என்று மேயர் உத்தரவு. ஞாயிற்றுக்கிழமை என்பதால் இரட்டைச் சம்பளம். லாரி போகிற போக்கில் வீட்டு வாசல்களை அடைத்துக்கொண்டு பனிக்கரை எழும். மேயர் வீட்டுக்கு முன்னால் மட்டும் பனி குவியாதபடி, லாரி முகப்பில் பனியைத் தள்ளும் இரும்புப் பலகையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், எழுதாத சட்டம். அன்று டொரீன் இன்னொரு வாசலுக்கும் தூக்கினாள். மஞ்சள் வீடு.

விழா முடிந்ததும் மேயரின் உதவியாளன் அட்டையைப் பிடுங்கிக்கொண்டான். "அடுத்த விழாவுக்குப் பேரை மட்டும் மாத்தி ஒட்டிருவோம், மேடம். அட்டை என்ன விலை விக்குது தெரியுமா!"

பத்திரத்தில் கையெழுத்துப் போடும் நாள் வந்தது. டொரீன் பேனாவைத் திறந்த நேரத்தில் வீட்டுவசதிப் பிரிவு அதிகாரி பிரெண்டன் உள்ளே வந்தார். துக்க வீட்டுக்கு வந்தவர் போல முகம்.

"டொரீன், ஒரு சின்ன விஷயம். உங்க வருமானம் உதவிக்கான வரம்பைத் தாண்டிடுச்சு."

"என் வருமானமா?" அவள் சிரித்தேவிட்டாள். "என் லாரியில ஹீட்டரே வேலை செய்யல, சார்."

"கடைசிச் சம்பளத்துல ஞாயித்துக்கிழமை வேலை சேர்ந்திருக்கு. கொஞ்சம்தான் தாண்டியிருக்கு. ஆனா தாண்டினது தாண்டினதுதான். உதவி கிடையாது."

சிரிப்பு அப்படியே நின்றது. "அந்த வேலையைக் குடுத்ததே நீங்கதானே! உங்க விழாவுக்குத்தானே தெருவைத் தள்ளினேன்!"

"அது சாலைப் பிரிவு. நாங்க வீட்டுவசதி."

"ஒரே கட்டடம்!"

"மாடி வேற."

"அப்போ அந்தக் காசைத் திருப்பி எடுத்துக்கோங்க."

"திருப்பி வாங்கச் சட்டத்துல இடமில்ல, டொரீன். ஆனா போட்டோ பிரமாதமா வந்திருக்கு. மேயரே பாராட்டினார்."

வீட்டை விற்க வந்து எதிரே உட்கார்ந்திருந்தவர், மேசைமேல் வைத்த சாவியைச் சத்தமில்லாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தபோது பனி கொட்டத் தொடங்கியிருந்தது. போனில் மேற்பார்வையாளர் கர்ட்டிஸ். "பனி அவசரநிலை அறிவிச்சாச்சு. உடனே வா. ஓவர்டைம் உண்டு."

"குடு, கர்ட்டிஸ். இனிமே எவ்வளவு வேணாலும் குடு."

லாரியில் மேப்பிள் தெருப் பனியைத் தள்ளிக்கொண்டு போகையில், மஞ்சள் வீடு வந்தபோது டொரீனின் கை தானாகவே பலகையைத் தூக்கியது. மூன்று தெரு தள்ளி மேயர் வீடு. அவர் காபிக் கோப்பையோடு வாசல்படியில் நின்று கையசைத்தார். டொரீனும் கையசைத்தாள். பலகை மட்டும் எழவில்லை. தெருப் பனி முழுக்க அவர் கார் வரும் வழியில் இடுப்புயரத்துக்குக் குவிந்தது.

மேயர் கோப்பை சாய்வதுகூடத் தெரியாமல் திகைத்து நின்றார். "டொரீன்! என் வண்டி எப்படி வெளிய வரும்?"

அவள் லாரியின் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "வீட்டு வாசல் எல்லாம் வீட்டுவசதிப் பிரிவு, சார். நான் சாலை!"