பெட்டியில் ஒரு புத்தகத்துக்கு இடம்

குளச்சலில் ஒருவன் வளைகுடாவுக்குப் புறப்பட்டால் அவன் மட்டுமா போகிறான்? தெருவே அவன் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு வீட்டின் நெத்திலிக் கருவாடு, இன்னொரு வீட்டின் ஏத்தங்காய் வத்தல், யாரோ ஒரு மாமியாரின் ஊறுகாய், யாருடைய முட்டுவலிக்கோ தைலம். "ஆள் போவுது" என்று ஒருத்தி வாயைத் திறந்தால் போதும், மற்றவர்கள் பழுப்பு டேப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தத் தெருவின் முகம்மது மீரான் அன்றைக்குச் சாயங்காலம் ஷார்ஜாவுக்குப் போகிறான் என்பது ரைஹானத்துக்குக் காலையில்தான் தெரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறினாள். அவளுக்கு வேண்டியது ஒரு புத்தகம்.

அவள் கணவன் சபீர் ஷார்ஜாவில் ஒரு பெரிய கிடங்கில் வேலை பார்க்கிறான். என்ன வேலை என்று குளச்சலில் யாரைக் கேட்டாலும் "ஆபீஸ்ல இருக்கான்" என்பார்கள். சபீர் சொன்னதுதான் அது. உண்மையில் அவன் கிடங்கின் வாசலில் நின்று லாரிகளுக்குக் கதவு திறந்துவிடுகிறான். இது ரைஹானத்துக்கு மட்டும் தெரியும். இங்கிலீஷில் ஒரு பக்கத்தை அவன் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்கும்போது முதல் வரி மறந்திருக்கும் என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். கல்யாணமாகி முதல் லீவில் வந்தபோது, விளக்கை அணைத்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு அவன் சொன்னான். "எனக்க தம்பி ஜக்கரியாவுக்கு மட்டும் தெரியப்படாது, கேட்டியா. அவன் என்னைப் பெருசா நெனச்சிட்டுக் கெடக்கான்." அவள் சத்தியம் செய்து கொடுத்திருந்தாள்.

இப்போது கம்பெனிக்காரன் வாசலுக்குத் தானாகத் திறக்கும் கதவு போடப் போகிறான். வாசலில் நிற்கிறவர்களில் யார் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அரிச்சுவடியாவது கற்றுக்கொள்கிறார்களோ அவர்களுக்கு ஸ்டோரில் கணக்குப் பதிகிற வேலை. மற்றவர்களுக்கு ஊருக்கு டிக்கெட். அடுத்த வாரம் பரீட்சை. ஏதோ பரீட்சை என்பது வரைக்கும்தான் ஜக்கரியாவுக்குத் தெரியும். மலையாளி சூப்பர்வைசர் நல்ல மனிதர், கேள்வியை மலையாளத்தில் சொல்லித் தருகிறேன், டியூட்டி முடிந்தபின் ஸ்டோர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துக்கொள் என்றிருக்கிறார். ஆனால் அடிப்படையை எதிலிருந்து படிப்பது? யூடியூப்பில் பேசுகிறவர்கள் ரயிலைப் பிடிக்கப் போகிறவர்களைப்போலப் பேசுகிறார்கள். டியூட்டி நேரத்தில் போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் அவனோடு ஒரு புத்தகம்தான் இருக்க முடியும். தபாலில் போட்டால் பரீட்சை முடிந்த பிறகு போய்ச் சேரும்.

மார்த்தாண்டத்தில் முதல் கடையில் ஸ்கூல் கைடு இருந்தது. கேள்வி, பதில், கேள்வி, பதில். மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கலாம், வேறொன்றும் முடியாது. இரண்டாவது கடைக்காரர் பைத்தான் என்றதும் பாம்பைப் பற்றிக் குழந்தைகளுக்குப் படம்போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். ரைஹானத்துக்குச் சிரிப்பதற்குக்கூட நேரமில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் பெனிஷ் என்பவரின் கடை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு ஏணியில் ஏறி, மேல்தட்டிலிருந்து ஒரு ஒல்லிப் புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். தமிழ்ப் புத்தகம். அட்டை மங்கிப்போயிருந்தது.

"ஒரு பாலிடெக்னிக் சாரு எழுதினது. ஆரும் கேக்க மாட்டாவ," என்றார் பெனிஷ்.

"பழசா அண்ணே? மூணாவது வெர்ஷனான்னு பாக்கணும்னு எனக்க கொழுந்தன் சொல்லியிருக்கான். முந்தினதுல படிச்சா இப்பத்த கம்ப்யூட்டர்ல ஓடாதாம்."

"மூணுதான். இஞ்ச பாருங்க, போட்டிருக்கு."

இருந்தாலும் நல்ல புத்தகமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாதவர்களுக்காக எழுதிய புத்தகம்தானே, தெரியாத நான் வாசித்துப் பார்க்கிறேன் என்று கடை வாசலிலேயே முதல் பாடத்தைப் பிரித்தாள். meen = 10 என்று ஒரு வரி. கீழே meen = meen + 5. இதென்ன கிறுக்குத்தனம், பத்தும் பதினைந்தும் எப்படிச் சமமாகும் என்று அவளுக்குக் கோபமே வந்தது. அடுத்த வரியில் அந்தச் சார் எழுதியிருந்தார்: 'கோபப்படாதீர்கள். இது கணக்கு வகுப்பின் சமக்குறி இல்லை. meen என்று பெயர் எழுதிய கூடை ஒன்று இருக்கிறது. வலது பக்கம் உள்ளதைக் கூட்டி, வந்ததை அந்தக் கூடையில் போடு என்று அர்த்தம். இப்போது கூடையில் எத்தனை?' ரைஹானத் பதினைந்து என்று வாய்விட்டுச் சொன்னாள். பெனிஷ் திரும்பிப் பார்த்தார். அவள் பக்கத்தைத் திருப்பினாள், அடுத்ததும் புரிந்தது, அதற்கடுத்ததும் புரிந்தது. இனி வேறு கடைக்குப் போகத் தேவையில்லை.

வீட்டுக்கு வந்தால், கொழுந்தன் ஜக்கரியா வேறொரு புத்தகத்துடன் தயாராக உட்கார்ந்திருந்தான். சபீரின் தம்பி, எஞ்சினியரிங் முடித்தவன், படிக்க வைத்தது அவன் 'காக்கா' என்று கூப்பிடும் இந்த அண்ணன்தான். அண்ணி ரைஹானத் அவனுக்கு 'மைனி'. அவன் கையில் இருந்தது செங்கல் கனத்துக்கு ஓர் இங்கிலீஷ் புத்தகம்.

"இதுதான் மைனி பெஸ்ட். ஆன்லைன்ல எல்லாவனும் இதைத்தான் சொல்லுதான். எனக்கதுதான், பரவால்ல, காக்காவுக்கு அனுப்புவோம்."

"ரெண்டும் போட்டும் மக்கா," என்றாள் ரைஹானத், அவன் முகத்தைப் பார்க்காமல்.

இரண்டையும் தனித்தனியாகக் காகிதம் சுற்றி, டேப் ஒட்டி, சாயங்கால அஸர் தொழுகை முடிந்ததும் மீரான் வீட்டுக்குப் போனார்கள். ஆண்கள் வெளியே காரைச் சுற்றி நின்றார்கள். பெண்கள் உள் அறையில். பெட்டியைக் கொக்கித் தராசில் மாட்டித் தூக்கியபோது மீரானின் உம்மா நூர்ஜஹான் பேகம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். ஏற்கெனவே கூடுதல். கருவாடு ஒன்று வெளியே வந்தது, ஊறுகாய் ஒன்று வெளியே வந்தது, அந்தந்த வீட்டுக்காரிகளின் முகம் வாடியது.

"ஒரு புக்குதான் வைக்க முடியும் மக்கா. எது வேணும்னு சொல்லிரு," என்றார் நூர்ஜஹான் பேகம்.

ரைஹானத் வாசல் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்று கொழுந்தனைக் கூப்பிட்டாள். "சின்னது போட்டும். சின்னதை மட்டும் குடு."

"செரி மைனி."

கார் கிளம்பியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ரைஹானத்துக்கு நெஞ்சுக்கூட்டிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. அந்த நிம்மதி வீட்டு வாசல் வரைக்கும்தான். ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி ஜக்கரியா ஒரு பொட்டலத்தை எடுத்தான். ஒல்லிப் பொட்டலம்.

"இது என்னத்துக்கு இஞ்ச இருக்கு?"

"பெருசைத்தான் வச்சேன்," என்றான் அவன் சாதாரணமாக. "நீங்க கனத்தைப் பாத்துப் பயந்துட்டிய. மீரானிட்ட ஒரு சட்டையை எடுக்கச் சொல்லி எடம் பண்ணிட்டேன். காக்கா ஆபீஸ்ல இங்கிலீஷ்ல பேசுத ஆளு. அவருக்குப் போய்த் தமிழ்ப் புக்கு அனுப்பினா நாலு பேரு பாத்துச் சிரிக்க மாட்டானா?"

அந்தச் செங்கல் அங்கே போய்ச் சேரும். சபீர் டேப்பை அறுப்பான். முதல் பக்கத்தைப் பார்ப்பான். தம்பி ஆசையாக அனுப்பியது என்பதால் 'புரியவில்லை' என்று சொல்லமாட்டான். பரீட்சைவரை அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பான். பிறகு டிக்கெட்டோடு வந்து இறங்குவான், அப்போது ஊருக்கே எல்லாம் தெரிந்துவிடும்.

மீரானுக்குப் போன் போட்டாள். வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தான். நூர்ஜஹான் பேகத்துக்குப் போட்டாள். "பயணம் எறங்கின வண்டியைத் திருப்பப்படாது மக்கா, ஆகாது. ஃப்ளைட்டுக்கும் நேரமாச்சு," என்று அவர் வைத்துவிட்டார்.

"கருங்கல் வழியாத்தான போவாவ? வண்டியை எடு ஜக்கரியா. மாத்தணும்."

"என்னத்துக்குன்னு சொல்லுங்க, எடுக்கேன்."

"அவிய தமிழ்லதான் கேட்டாவ."

"காக்காவுக்குத் தமிழ் என்னத்துக்கு? இதுல என்னமோ இருக்கு மைனி. காரணத்தைச் சொல்லுங்க."

சொல்லிவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும் காரியம். வாய்வரை வந்தது. இருட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முதுகு ஞாபகம் வந்தது. அவள் கொழுந்தன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினாள், துப்பட்டாவை இறுக்கிச் சுற்றிக்கொண்டு ஹெல்மெட்டை மாட்டினாள், ஸ்கூட்டரைக் கிளப்பினாள். ஜக்கரியா பொட்டலத்தோடு ஓடிவந்து பின்னால் தொற்றிக்கொண்டான். மைனி ஓட்ட, கொழுந்தன் பின்னால் உட்கார்ந்து போவதைக் குளச்சல் பஸ் ஸ்டாண்டு முழுதும் வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும், ஒரு வாரத்துக்குப் பேச அவர்களுக்கும் ஏதாவது வேண்டாமா?

கருங்கல் ரோட்டின் குண்டு குழிகளில் அவள் பிரேக்கைத் தொடவே இல்லை. மார்த்தாண்டத்துக்கு முன்னால் பிடிக்காவிட்டால் கார் களியக்காவிளை எல்லை தாண்டி, ஏர்போர்ட் இருக்கிற மலையாளக்கரைக்குள் போய்விடும். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று உதடு ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு ரப்பர்ஷீட் வண்டியை முந்தும்போது எதிரே வந்த பஸ்காரன் கண்டபடி ஏசினான். பின்னால் ஜக்கரியா வெகுநேரம் புலம்பிக்கொண்டு வந்தான். பிறகு புலம்பல் நின்றது.

"மைனி."

"என்ன?"

"காக்கா எப்பவும் வாய்ஸ்தான் அனுப்புவாரு, இல்லியா? ஒருநாளும் டைப் பண்ணினது இல்ல."

அவள் ஒரு குழியைச் சுற்றி வண்டியை ஒடித்தாள்.

"கம்பெனி மெயிலு வந்தா எனக்கு அனுப்பி, 'நீ வாசிச்சு என்னன்னு சொல்லு, எனக்கு நேரமில்ல'ன்னு சொல்லுவாரு."

காற்றில் கேட்காததுபோல அவள் வண்டியை முறுக்கினாள். கண் எரிந்தது. தூசி என்று வைத்துக்கொண்டாள். தோள்மேல் அவன் மூச்சு வேகமாக வந்தது.

மார்த்தாண்டத்தின் போக்குவரத்து நெரிசலை ஏசாத மனிதர் இந்த ஜில்லாவில் இல்லை. ரைஹானத்தே அன்று காலை அதே இடத்தில் பஸ்ஸுக்குள் இருந்து மனதாரச் சபித்திருந்தாள். இப்போது அந்தச் சாபத்தை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டாள். மேம்பாலத்துக்கு அடியில் பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு நின்றன, அவற்றின் நடுவே, மேலே பெட்டி கட்டிய மீரானின் வெள்ளைக் கார்.

ஸ்கூட்டர் நுழைய இடமில்லை. முன்னால் போலீஸ்காரர் விசிலடித்து ஒரு பக்கத்தைத் திறந்துவிட ஆரம்பித்தார். கார் அசைந்தது. அவள் இறங்குவதற்குள் ஜக்கரியா குதித்துவிட்டான். பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஒரு ஆட்டோவைச் சுற்றி, ஒரு மீன்வண்டிக்கு அடியில் நுழையாத குறையாக ஓடினான். கார்க் கண்ணாடியைத் தட்டினான். மீரான் இறங்கினான். இருவரும் மேலே எக்கிக் கயிற்றை அவிழ்த்தார்கள், பின்னால் அத்தனை ஹார்ன்களும் ஒன்றாக அலறின, போலீஸ்காரர் கம்பை ஓங்கிக்கொண்டு வந்தார். ரைஹானத் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது கார் பாதை கிடைத்துப் போய்க்கொண்டிருந்தது. செங்கல் புத்தகத்தைச் சுமந்துகொண்டு ஜக்கரியா திரும்பி வந்தான்.

அவனுக்கு மூச்சு வாங்கியது. எதுவும் கேட்கமாட்டானா என்று அவளுக்குப் பயமாக இருந்தது, கேட்டுவிடுவானோ என்றும் பயமாக இருந்தது. அப்போது அவள் போன் அடித்தது. சபீர். புத்தகம் கொடுத்துவிட்டாச்சா என்று டியூட்டிக்குப் போகுமுன் கேட்க அழைத்திருக்கிறான். அவள் எடுப்பதற்குள் ஜக்கரியா கையை நீட்டிப் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டான்.

"காக்கா, நான்தான். ஒரு சங்கடம் ஆயிட்டு. ஒங்களுக்குன்னு நல்ல இங்கிலீஷ் புக்கு வச்சிருந்தேன். கனம் கூடிப்போச்சு. மீரான் எடுக்க மாட்டேன்னுட்டான்." செங்கல் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டான். "வேற வழியில்லாம ஒரு சின்னத் தமிழ்ப் புக்கைக் குடுத்து விட்டிருக்கேன். ஒங்களுக்குப் பிடிக்காதுதான். எனக்காவ ஒரு வாரம் அதை வச்சுச் சமாளிச்சுக்கிடுங்க."

சபீர் பேசினான், இத்தனை மாதங்களில் அவள் கேட்டிராத லேசான குரலில்.

"தமிழா? பரவால்ல மக்கா. நீ சொன்னா செரிதான். சமாளிச்சுக்கிடுதேன்."

ஜக்கரியா போனை அவளிடம் கொடுத்தான். அந்தப் பெரிய புத்தகத்தை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்து மூடினான். முகத்தை அவளுக்குக் காட்டாமல், ஹார்ன் சத்தத்துக்கு நடுவே, கேட்டும் கேட்காமலும் சொன்னான்.

"நம்ம ரெண்டு பேரும் கனம்தான் காரணம்னு சொல்லுவோம், மைனி. ஆரு கேட்டாலும்."

அவள் தலையாட்டினாள். ஹெல்மெட்டுக்குள் அழுதது அவனுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தாலும் சொல்லியிருக்கமாட்டான்.